ஐந்தாவது ஏன்

சுவாதி ஜியோமெட்ரி பாக்ஸின் மூடியால் அடித்ததில் சுப்ரியாவின் உதடு கிழிந்தது. எட்டாம் வகுப்பு ஆசிரியை வினோதா ரத்தத்தைத் துடைத்துவிட்டு, சுவாதியைத் தலைமையாசிரியர் அறை வராந்தாவுக்கு அனுப்பினாள். அவள் போய் உட்கார்ந்த பிறகுதான் மதிய உணவு மணி அடித்தது.

ஜன்னல் வழியாக வினோதா பார்த்தாள். சுவாதி வராந்தாவில் சம்மணமிட்டு, சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அடித்துவிட்டு வெளியேறும்போதே டப்பாவைக் கையில் எடுத்திருக்கிறாள்.

மறுநாள் சுப்ரியாவின் அப்பா சென்னப்பன் வந்து கத்தினார். சிப்காட்டில் ஒரு பெரிய கம்பெனியில் ஆபரேட்டர். யூனிஃபார்மோடு வந்திருந்தார்.

"அந்தப் பொண்ணோட அம்மா அப்பா யாரு? வரச் சொல்லுங்க. பொம்பளப் புள்ள மொகத்துல தழும்பு விழுந்தா யாரு பதில் சொல்றது?"

சுவாதி வீட்டிலிருந்து யாரும் வந்ததில்லை. அப்பா இல்லை. கொடுத்திருந்த போன் எண்ணில் எப்போதும் ஒரு மாமா எடுத்து, தான் பாகலூரில் இருப்பதாகச் சொல்வார். பெற்றோர் கூட்டத்துக்கான தகவல் எதுவும் வீடு போய்ச் சேர்ந்ததில்லை என்று வினோதா பின்னால் தெரிந்துகொண்டாள்.

மத்திகிரியில் இருந்த அந்தப் பள்ளியில் அந்த வருடம் பிரம்பு இல்லை. சென்னப்பனின் கம்பெனிதான் பணம் கொடுத்து ஒரு நன்னடத்தைத் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. பொறுப்பாளர் வினோதா. நல்லது செய்யும் பிள்ளைக்குப் பச்சை அட்டை. அட்டைகள் சேர்ந்தால் விரும்பியதைக் கேட்கலாம்: ஒருநாள் முன் பெஞ்சு, பேனா, மைதானத்தில் கூடுதலாகக் கொஞ்ச நேரம். தப்பு செய்யும் பிள்ளையிடம், இதனால் உனக்கு என்ன கிடைக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்து, அதையே அடிக்காமல் கேட்டு வாங்கிக்கொள்ளக் கற்றுத்தர வேண்டும். பயிற்சியில் சொன்னது அவ்வளவுதான். வினோதா அதை நம்பினாள்.

மற்றவர்கள் நம்பவில்லை. பி.டி. வாத்தியார் வெங்கடசாமி தினமும் ஸ்டாஃப் ரூமில் கை நீட்டுவார்.

"மிஸ், எனக்கு ரெண்டு பச்சை அட்டை. இன்னிக்கு யாரையும் அடிக்கல."

"நாளைக்கும் அடிக்காம இருங்க சார். சேர்த்துத் தர்றேன்."

"நாளைக்கு ஒன்பதாவது பி. கஷ்டம்."

வினோதா சுவாதியை நூலக அறைக்குக் கூப்பிட்டாள். இருவர் மட்டும்.

"டப்பாவ எப்ப எடுத்து மடியில வெச்ச?"

சுவாதி குனிந்துகொண்டாள்.

"அடிக்கறதுக்கு முன்னாடியே வெச்சிட்ட. போன வாரம் மணிமேகலை நோட்டக் கிழிச்சப்பவும் சாப்பாட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னாடிதான். நான் திட்டல. கேக்கறேன்."

"பசிச்சுது."

"பசிச்சா உள்ள உக்காந்து சாப்பிடலாம்ல."

சுவாதி மேசை விளிம்பை நகத்தால் சுரண்டினாள். சுரண்டிக்கொண்டே சொன்னாள்.

"சுப்ரியா கேட்டுட்டே இருக்கா மிஸ். உங்கம்மா எந்த லைனு, எந்த லைனுன்னு. சாப்பிட உக்காந்தா இதே பேச்சு. அவங்கப்பா பார்த்ததே இல்லியாம்."

"உங்கம்மாவும் அதே கம்பெனியா?"

"ம்."

"எந்த லைன்?"

"லைன் இல்ல. பாத்ரூம்."

வினோதா நாற்காலியை அருகே இழுத்துப் போட்டாள்.

"குவாலிட்டி செக்கிங்ல இருக்காங்கன்னு சொல்லிட்டேன். ஆறாவது வந்தப்பவே சொல்லிட்டேன். இப்ப மாத்த முடியல. அம்மாவுக்குத் தெரியாது. தெரிஞ்சா..." நிறுத்தினாள். "நீங்க யாருக்கும் சொல்ல மாட்டீங்கல்ல?"

"சொல்ல மாட்டேன்."

"காட் பிராமிஸ்?"

"காட் பிராமிஸ்."

சுவாதி அப்போதுதான் அழுதாள். சத்தமில்லாமல், முகம் கோணாமல் அழுதாள். பழகிய அழுகை.

அதற்குப் பிறகு வேலை சுலபமாக இருந்தது. உணவு நேரத்தில் நூலக அறையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை வினோதா அவளுக்குக் கொடுத்தாள். சங்கடமாக இருந்தால் அடிக்க வேண்டியதில்லை. கையைத் தூக்கி, "மிஸ், லைப்ரரிக்குப் போகட்டுமா" என்று கேட்டால் போதும். சுவாதி கேட்டாள். போனாள். நோட்டுகள் கிழியவில்லை. தானாகவே சுப்ரியாவிடம் ஸாரி சொன்னாள். தை முடிவதற்குள் வாரத்தில் சில நாள் மற்ற பெண்களோடு, வட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினாள். அவள் அடங்கிவிட்டதால் அவர்களுக்கும் சீண்டும் ஆர்வம் போய்விட்டது. ஒருநாள் வினோதா வகுப்பைக் கடந்து போகும்போது அவள் சிரிக்கும் சத்தம் கேட்டது. அப்படி ஒரு சத்தம் அவளிடம் இருந்தது வினோதாவுக்குத் தெரியாது.

அன்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் வினோதா ஜன்னலோரம் உட்கார்ந்து, நீளமான கால்நடைப் பண்ணைச் சுவரைக் கடக்கும்வரை தன்னைப் பாராட்டிக்கொண்டே போனாள்.

மாசியில் கம்பெனியிலிருந்து ஹரீஷ்குமார் வந்தார். சமூகப் பணிக்கான நிதியைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி. முப்பது வயது இருக்கும். மரியாதையானவர். தலைமையாசிரியர் குருமூர்த்தியின் அறையில் உட்கார்ந்ததும் விஷயத்துக்கு வந்தார்.

"சார், அடுத்த வருஷம் கன்டினியூ பண்றதுக்கு மேல கேக்கறாங்க. என்ன மாறிச்சுன்னு காட்டணும். எங்க பிளான்ட்ல வருஷா வருஷம் கைசன் போட்டி நடக்கும். ஆபரேட்டருங்க டீமா வந்து மேடையில சொல்வாங்க. என்ன பிரச்சனை, காரணம் என்ன, எப்படி சரி பண்ணோம். இந்தத் தடவ மேடம் ஒரு கேஸ் சொல்லட்டும். மேனேஜ்மென்ட் மொத்தமும் இருக்கும்."

"சொல்வாங்க, சொல்வாங்க," என்றார் குருமூர்த்தி. "அந்த லைப்ரரிப் பொண்ணு விஷயம் சொல்லுங்க மேடம்."

"ஸ்டூடன்ட் விஷயம் சார். வெளிய சொல்றது..."

"பேரா சொல்லப் போறோம்?"

ஹரீஷ்குமார் பேனாவைத் திறந்தார். "நாங்க இதுக்கு ஒய்-ஒய் போடுவோம் மேடம். ஒரு போல்ட் லூஸாச்சுன்னா, டைட் பண்ணிட்டு விட மாட்டோம். ஏன் லூஸாச்சு, அது ஏன், அது ஏன்னு அஞ்சு தடவ கேப்போம். அஞ்சாவதுலதான் நிஜக் காரணம் வரும். உங்க கேஸுக்குப் போடலாமா? பொண்ணு ஏன் அடிச்சா?"

"கிளாஸ விட்டு வெளிய போறதுக்கு."

"சூப்பர். ஏன் வெளிய போகணும்?"

"அடுத்தது சாப்பாட்டு நேரம். அங்க இருக்கப் பிடிக்கல."

"ஏன் பிடிக்கல?"

"கூட இருக்கற பொண்ணுங்க கேள்வி கேக்கறாங்க."

வினோதா அங்கே நிறுத்தினாள். ஹரீஷ்குமார் எழுதுவதை நிறுத்தவில்லை.

"மூணுல நின்னா அது அறிகுறி மேடம். கேள்வி கேட்டா என்ன? ஏன் பயம்?"

குருமூர்த்தியும் அவளைப் பார்த்தார். விடை தெரிந்த மாணவி போலத்தான் அவள் இருந்தாள். இந்த அறையில் அவளுக்கு மட்டும் தெரிந்த விடை. கண்டுபிடித்தது அவள்.

"ஒரு பொய் சொல்லிட்டா."

"ஏன் பொய் சொன்னா?"

வினோதா சொன்னாள்.

ஹரீஷ்குமார் பேனாவை வைத்துவிட்டார். "மேடம்," என்றார். "இது வேற லெவல்."

"உங்க கம்பெனின்னு சொல்ல வேணாம் சார். ஏதோ ஒரு கம்பெனின்னு சொல்லிடறேன். ஹால்ல பேரன்ட்ஸ் யாராவது இருப்பாங்களா?"

"ஆபரேட்டர்ஸ் இருப்பாங்க. ஹவுஸ்கீப்பிங் எல்லாம் கான்ட்ராக்ட் மேடம். அவங்களுக்கு இந்த ப்ரோக்ராம் கிடையாது."

அது போதுமானதாக இருந்தது. பாத்ரூமில் இருப்பவள் ஹாலுக்கு எதற்கு வரப்போகிறாள் என்று வினோதா நினைத்தாள். அந்த ஹாலில் நாற்காலி போடுவது யார், டீ கொடுப்பது யார் என்று அவளுக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை.

போட்டி நாளன்று கம்பெனி கார் வந்து அவளை அழைத்துப் போனது. கேட்டில் அடையாள அட்டை தொங்கும் சிவப்புப் பட்டி ஒன்றைக் கழுத்தில் மாட்டினார்கள். விருந்தினருக்குச் சிவப்பு. நிரந்தரத் தொழிலாளர்களுக்கு நீலம். கான்ட்ராக்ட்டுக்கு மஞ்சள். ஹரீஷ்குமார் நடந்துகொண்டே விளக்கினார். தூரத்திலிருந்தே யார் என்ன என்று தெரிந்துவிடுமாம்.

ஹால் நிறைந்திருந்தது. ஆபரேட்டர்கள் டீம் டீமாக மேடையேறினார்கள். எண்ணெய்க் கசிவை நிறுத்தியவர்கள், ஒரு டிராலியின் சக்கரத்தை மாற்றியவர்கள். எல்லோரும் ஐந்து ஏன் சொன்னார்கள். கூட்டம் பாதி கேட்டது, பாதி போன் பார்த்தது.

வினோதா மேடையேறியபோது போன்கள் இறங்கின. மத்திகிரி பள்ளி என்று அறிவித்தார்கள். அவள் நன்றாகப் பேசினாள். தனக்கே தெரிந்தது. முதல் ஏன், இரண்டாவது ஏன். மூன்றாவதில் ஹால் அமைதியானது. நான்காவதில் அவள் கொஞ்சம் நிறுத்தி, தண்ணீர் குடித்தாள். தேவையில்லாத தண்ணீர்.

"அந்த மாணவி ஆறாம் வகுப்பில் ஒரு பொய் சொன்னாள். என் அம்மா கம்பெனியில் குவாலிட்டியில் இருக்கிறார் என்று."

நடு வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "பார்றா, குவாலிட்டிக்கு இவ்ளோ மரியாதை நம்ம பிளான்ட்லயே கிடையாது!"

ஹால் சிரித்தது. குவாலிட்டி ஆட்கள் கையைத் தூக்கிக் கும்பிடு போட்டார்கள். இன்னும் சிரிப்பு. குரல் சென்னப்பனுடையது. வினோதாவும் சிரித்தாள். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, குரலை இறக்கி, ஐந்தாவதைச் சொன்னாள்.

"அந்த அம்மா கழிவறை சுத்தம் செய்பவர். பிள்ளைக்கு அதைச் சொல்ல வெட்கம்."

பிறகு கைதட்டல். பிளான்ட் ஹெட் எழுந்து நின்று தட்டினார்.

முதல் பரிசு ஒரு சில்வர் குக்கர். அதை மடியில் வைத்துக்கொண்டு அவள் முன்வரிசையில் உட்கார்ந்தாள். டீ வந்தது. ஒரு பெண் தட்டை நீட்டினாள். வினோதா முகம் பார்க்காமல் ஒரு கப் எடுத்துக் குடித்தாள். ஏலக்காய் போட்டிருந்தார்கள்.

சென்னப்பன் நாற்காலிகளுக்கு இடையே புகுந்து வந்தார். "மிஸ், கலக்கிட்டீங்க. நான் அப்பவே நெனச்சேன். நம்ம சுப்ரியாவ அடிச்ச பொண்ணுதானே அது?"

"இல்லைங்க."

"அட, லைப்ரரில உக்காருதுன்னீங்களே. சுப்ரியா வீட்ல சொல்லிச்சே. அந்தப் பொண்ணு அம்மா நம்ம பிளான்ட்ல குவாலிட்டின்னு. நானும் எங்கடா ஆளயே காணோம்னு பார்த்தேன்." சிரித்தார். "கான்ட்ராக்ட்டா!"

யாரோ கூப்பிட, அவர் போனார். டீத் தட்டு நகரவில்லை. வினோதா நிமிர்ந்தாள்.

டீ கொடுத்தவள் சாம்பல் நிறச் சட்டையைப் புடவைக்கு மேல் போட்டிருந்தாள். தலையில் வலைத் தொப்பி. கழுத்தில் மஞ்சள் பட்டி. அட்டையில் பெயர் இருந்தது. சாந்தம்மா. வகுப்புப் பதிவேட்டில் அம்மா பெயர் என்ற இடத்தில் வினோதாவே எழுதிய பெயர்.

"மிஸ்," என்றாள் அந்தப் பெண். "நீங்க சொன்ன புள்ள..."

"அது வேற ஸ்கூல் புள்ளைங்க," என்றாள் வினோதா. "தர்மபுரிப் பக்கம். நான் முன்னாடி அங்க இருந்தேன்."

பொய் யோசிக்காமல் வந்தது. ஊர் பெயரோடு வந்தது.

சாந்தம்மா தலையாட்டினாள். "சரிங்க." காலிக் கப்பை வாங்கித் தட்டில் வைத்தாள். "அந்தப் புள்ள இப்ப சண்ட போடறதில்லைங்களா?"

"இல்ல."

"சாப்பிடுதுங்களா?"

"சாப்பிடறா."

"நல்லதுங்க மிஸ்." அடுத்த நாற்காலிக்குத் தட்டை நீட்டினாள்.

கார் திரும்பி வரும்போது வினோதா குக்கரைக் காலடியில் வைத்தாள். டிரைவர் கன்னடத்தில் பாட்டுப் போட்டார். மத்திகிரி வந்ததும் இறங்கினாள். குக்கரை மறந்ததுபோல விட்டுவிட்டு நடந்தாள். அவர் ஓடிவந்து கொடுத்தார்.

பள்ளியில் குருமூர்த்தி இனிப்பு வாங்கி வைத்திருந்தார். நிதி உறுதியாகிவிட்டது. வெங்கடசாமி கையில் லட்டோடு வந்தார்.

"அட்டை மிஸ், இப்ப ஒத்துக்கறேன். பிரம்ப அடுப்புல போட்டுடறேன்."

"போடுங்க சார்."

"என்னா மிஸ், மொகமே சரியில்ல? குக்கர் சின்னதா?"

அவள் லட்டை எடுத்துக் கைப்பையில் போட்டாள். சுவாதி அன்று உணவு நேரத்தில் நூலகத்துக்குப் போகவில்லை, வட்டத்தில்தான் உட்கார்ந்திருந்தாள் என்று வேறு ஆசிரியை சொன்னாள். நல்ல செய்தி போலச் சொன்னாள்.

அந்த வாரம் வினோதா வகுப்பில் சுப்ரியாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போது அது திறக்கும், என்ன வரும். பெண்கள் தலைசேர்த்து ஏதாவது பேசினால் அவள் பாடத்தை நிறுத்துவாள். சென்னப்பனுக்குப் போன் செய்ய இரண்டு முறை எண்ணை எடுத்தாள். செய்யவில்லை. என்னவென்று கேட்பது? உங்கள் பெண்ணிடம் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டால், அந்தப் பெண் சுவாதிதான் என்று தானே ஒப்புக்கொண்டதாக ஆகும். சுவாதியிடம் முதலில் தானே சொல்லிவிட வேண்டும் என்றும் நினைத்தாள். திங்கள் சொல்லலாம் என்று இருந்தாள். திங்கள் சுவாதி நன்றாக இருந்தாள். நன்றாக இருக்கும் பிள்ளையை எதற்குக் கலைக்க வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதுவும் திட்டத்தில் ஒரு பாடம் மாதிரி இருந்தது.

சனிக்கிழமை பெற்றோர் கூட்டம்.

சாந்தம்மா வந்தாள். வாசலில் நின்றபோது வினோதாவுக்கு அடையாளம் தெரியவில்லை. பச்சைக் கரை போட்ட பாலியஸ்டர் பட்டுப் புடவை, இழுத்துப் பின்னிய தலை, பூ. கழுத்தில் நீலப் பட்டி. அட்டை திருப்பி விடப்பட்டிருந்தது, வெள்ளைப் பக்கம் வெளியே தெரிந்தது.

சுவாதி பெஞ்சிலிருந்து பாதி எழுந்து, அப்படியே நின்றாள்.

"வாங்கம்மா," என்றாள் வினோதா.

"வணக்கம் மிஸ். இத்தினி நாளா வர முடியல. எங்க டிபார்ட்மென்ட்ல ஆடிட்டு, அது இதுன்னு விட மாட்டாங்க." குரல் அன்றைக்குக் கேட்டதைவிடச் சத்தமாக இருந்தது. நான்கு பெஞ்சுக்குக் கேட்கும்.

மணிமேகலை உடனே திரும்பினாள். "ஆன்ட்டி, நீங்க சுவாதி அம்மாவா? நெஜமாவே குவாலிட்டியா?"

"ஆமா கண்ணு. ஏன், நம்பலியா?"

"சுப்ரியாதான் நம்பல ஆன்ட்டி. நான் நம்பினேன்."

"ஏய், பொய் சொல்லாதடி," என்றாள் சுப்ரியா. "நீதான் சிரிச்ச."

சுப்ரியாவின் அம்மா பக்கத்தில் இருந்தாள். "எங்க வீட்டுக்காரரு நேத்துதான் சொன்னாரு," என்றாள் சாந்தம்மாவிடம். "ஃபைனல் இன்ஸ்பெக்ஷன்ல சாந்தம்மான்னு ஒருத்தங்க இருக்காங்க, நல்ல மாதிரின்னு. நீங்கதானா? இவ்ளோ நாளா பார்த்ததில்லியேன்னு சுப்ரியா கேட்டதுக்கு, எனக்குத் தெரியாம போச்சு, அவங்க உள் ரூம்ல இருப்பாங்கன்னு சொன்னாரு."

"அண்ணன் நல்லவரு," என்றாள் சாந்தம்மா.

வினோதாவுக்குப் புரிந்தது. அவள் சென்னப்பனிடம் போயிருக்கிறாள். லைனுக்கு வெளியே, ஷிப்ட் மாறும் இடத்தில், அந்தச் சாம்பல் சட்டையோடு நின்று, வீட்டில் இப்படிச் சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். அவர் சிரித்த சிரிப்பை ஹாலில் கேட்ட பிறகும் கேட்டிருக்கிறாள். கூட்டம் என்றைக்கு என்பதையும் அவரிடம்தான் கேட்டிருப்பாள். நீலப் பட்டி யாருடையதோ.

"ஃபைனல் இன்ஸ்பெக்ஷன்னா என்ன ஆன்ட்டி பண்ணுவீங்க?" என்றாள் சுப்ரியா.

சாந்தம்மா ஒரு கணம் தடுமாறினாள். "பார்க்கறதுதான். அழுக்கு, கீறல் இருக்கான்னு பார்த்து, இருந்தா எடுத்துடுவோம்." பிறகு வினோதா பக்கம் திரும்பினாள். "மிஸ்ஸுக்கே தெரியுமே. அன்னிக்குக் கம்பெனிக்கு வந்தாங்க. பார்த்தாங்க. கேளுங்க."

எல்லா முகமும் திரும்பியது. சுவாதியின் முகமும்.

"ஆமா," என்றாள் வினோதா. "பார்த்தேன்."

"எங்க மிஸ்? அந்த உள் ரூம்லயா?" என்றாள் சுப்ரியா.

"ஆமா. குவாலிட்டில."

சாந்தம்மா அவளுக்கு நன்றி சொல்வதுபோல லேசாகத் தலையசைத்தாள். வினோதாவால் அதைப் பார்க்க முடியவில்லை. மதிப்பெண் தாளை எடுத்து நீட்டினாள். சாந்தம்மா கையெழுத்துப் போட்டாள். கையில் பினாயில் வாசனை இருந்தது. பவுடர் போட்டும் போகவில்லை. வினோதா மூச்சை இழுக்காமல் இருந்தாள், அவள் கவனித்துவிடக் கூடாதென்று.

மணிமேகலை நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டாள். "சுவாதி, இங்க வாடி."

சுவாதி போகவில்லை. அம்மாவின் கழுத்துப் பட்டியைப் பார்த்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு வினோதாவைப் பார்த்தாள். வேறு எங்கும் பார்க்கவில்லை.

கூட்டம் முடிந்து சாந்தம்மா இரண்டாம் ஷிப்டுக்குக் கிளம்பினாள். சுவாதி தண்ணீர்க் குழாய் அருகே டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். டப்பா சுத்தமாக இருந்தது. வினோதா பக்கத்தில் போய் நின்றாள்.

"எங்கம்மாவுக்கு யாரு மிஸ் சொன்னது?"

வினோதாவிடம் பதில்கள் இருந்தன. அம்மாவே கண்டுபிடித்திருக்கலாம். சென்னப்பன் சொல்லியிருக்கலாம். இரண்டும் முழுப் பொய் இல்லை.

"நான்தான்."

"கூப்புட்டுச் சொன்னீங்களா?"

"இல்ல. கம்பெனில. மேடையில பேசினேன். உன் பேர் சொல்லல."

சுவாதி குழாயை மூடினாள். "அம்மா அங்க இருந்துச்சா?"

"இருந்தாங்க. எனக்குத் தெரியாது."

"உக்காந்துட்டு இருந்துச்சா?"

"நின்னுட்டு இருந்தாங்க. பின்னாடி."

"அங்க எல்லாரும் என்ன பண்ணாங்க?"

"சிரிச்சாங்க. அப்புறம் கை தட்டினாங்க."

"நீங்க?"

"நானும் சிரிச்சேன்."

சுவாதி டப்பாவைக் கவிழ்த்து உதறினாள். மூடியைப் போட்டாள். அவள் அடிப்பாள் என்று வினோதா எதிர்பார்த்தாள். டப்பாவை எறிவாள் என்றாவது. அதை வாங்கிக்கொள்ள நின்றாள்.

"அம்மா எதுக்கு அங்க வந்துச்சு?"

"டீ குடுக்க."

"உங்களுக்குக் குடுத்துச்சா?"

"குடுத்தாங்க."

"குடிச்சீங்களா?"

"குடிச்சேன்."

கேட்டுக்கு வெளியே, பஸ் நிறுத்தத்திலிருந்து சாந்தம்மா கூப்பிட்டாள். "சுவாதீ! ரா!" சுவாதி ஓடவில்லை, நடந்து போனாள். இருவரும் தெலுங்கில் பேசினார்கள். கல்லாவிப் பக்கத்திலிருந்து வந்த வினோதாவுக்குத் தெலுங்கு வராது. சாந்தம்மா ஏதோ சொல்லிச் சிரித்தாள். மகளின் காலரைச் சரிசெய்தாள். கழுத்திலிருந்து நீலப் பட்டியைக் கழற்றி, சுருட்டி, பைக்குள் போட்டாள். மஞ்சளை எடுத்து மாட்டினாள். சுவாதி சுற்றிலும் பார்த்துவிட்டு, அம்மாவுக்கும் தெருவுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டாள். யாரும் பார்க்காதபடி அம்மாவை மறைத்தாள். அம்மாவுக்காகவா, தனக்காகவா என்று தெரியவில்லை.

சிப்காட் டவுன் பஸ் வந்தது. சாந்தம்மா ஏறினாள்.

வாட்ச்மேன் சங்கிலியோடு வந்தார். "பெல் அடிக்கப் போவுது, மூடட்டுங்களா மிஸ்?"

"இருங்கண்ணா. ஒரு பொண்ணு வெளிய இருக்கு."

பஸ் திரும்பிய பிறகும் சுவாதி அங்கேயே நின்றாள். வினோதா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூப்பிட வாயெடுத்தாள். என்ன சொல்லிக் கூப்பிடுவதென்று தெரியவில்லை. பெயர் மட்டும் போதும். அதுவும் வரவில்லை.

கடைசியில் சுவாதி தானாகவே வந்தாள். வினோதா ஒதுங்கி வழி விட்டாள்.

"தேங்க்ஸ் மிஸ்," என்றாள் சுவாதி. மற்ற எந்த ஆசிரியரிடமும் சொல்வதைப்போலச் சொன்னாள். உள்ளே போனாள்.